முல்லைக்கொடியும் ஒன்பது வால் நரியும்

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களினின்று மின்தொடர் வண்டியில் நாடோறும் கல்லூரிக்கு வரும் மாணவருட் பலர், வழிநெடுகக் கைப்பேசியில் விளையாடி வருகின்றனர். அவருள் ஒருவரை வினவின், ஒன்பது வாலுடைய நரியின் வரலாற்றைத் தடையின்றி உரைப்பார். வழியிலுள்ள திருமுல்லைவாயிலுக்கு அப்பெயர் வந்த காரணம் யாதென வினவினோ, வாளாவிருப்பார். பிறரைக் குறைகூற இதனை எழுதினோமல்லோம். நாமும் அங்ஙனம் வாளாவிருந்தவரே. கடல் கடந்த நரி நம்மை அடைந்ததும், அருகிலுள்ள முல்லைக்கொடி நமக்கு அயலானதும் எவ்வாறு என்று ஆராய்தலே ஈண்டு நம் கருத்து.

ஜப்பானியர் தம் பழங்கதைகளை வீடியோ விளையாட்டுகளிற் பலவாறு பொதிந்து வைத்துள்ளனர். 1988-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ என்பதில், இலையொன்றைப் பெற்ற வீரனுக்கு வாலும் காதும் முளைக்கின்றன. தலைமேல் இலையை வைத்து உருமாறும் தனுகி என்னும் விலங்கின் கதையே அதற்கு மூலம். ஆண்டு முதிர முதிர நரிக்கு வால் பெருகும் என்னும் வழக்கு, 1996-இல் தோன்றிய ‘போக்கிமான்’ விளையாட்டில் நைன்டேல்ஸ் ஆயிற்று. 2006-இல் வந்த ‘ஓகாமி’யில் ஞாயிற்றுத் தெய்வமாகிய அமதெராசு வெள்ளை ஓநாய் வடிவில் எட்டுத்தலைப் பாம்பை எதிர்க்கின்றாள்.

இவை ஒரு நாளில் விளைந்தவை அல்ல. தொரியாமா செக்கியென் என்னும் ஓவியர் 1776-இலேயே பேயுருக்களை வரைந்து நூலாக்கினார். யானகிதா குனியோ, தோனோ என்னும் சிற்றூர்ப்புறத்துக் கதைகளைக் கேட்டெழுதி 1910-இல் வெளியிட்டார். முதலில் ஏடு, பின்னரே விளையாட்டு. கதையை விடுத்துப் பெயர் மட்டும் சென்றால் நேர்வதையும் அந்நாட்டு விளையாட்டே காட்டும். ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையிற் ‘சிவா’ என்பது பனியை ஏவும் ஒரு பெண்ணுரு. பெயர் நம் நாட்டது. கதையோ எந்நாட்டதும் அன்று.

நம் கதைகள் விளையாட்டிற்கு இசையா என்பார் உளர். திருமுல்லைவாயிற் கதையை நோக்குக. குறும்பர்மேற் படையெடுத்த தொண்டைமானின் யானைக்கால்களை முல்லைக்கொடி பின்னிக்கொண்டது. அவன் வாளால் வெட்டினான். கொடியின்கீழ் இருந்த இலிங்கத்தினின்று குருதி பெருகியது. வெட்டியவன் கலங்கி நின்றான். எதிர்ப்பட்டதையெல்லாம் வெட்டுக என்று கற்பிக்கும் விளையாட்டுகள் பலவற்றினிடையே, வெட்டியதே பிழையென உணர்த்தும் விளையாட்டு ஒன்று அமையுமாயின் அஃது எத்துணைப் புதுமையாகும்! திருநின்றவூர்ப் பூசலாரோ, பொருளில்லாமையால் மனத்துள்ளேயே கல் அடுக்கிக் கோயில் எழுப்பியவர். காஞ்சியிற் கற்றளி எடுத்த மன்னன் தன் குடமுழுக்கு நாளை ஒத்திவைத்து அவரைத் தேடி வந்தான் என்பது பெரியபுராணம். கல்லும் மண்ணுமின்றி உலகமைக்கும் கணினிக் கலைஞர்க்கு இவரினும் சிறந்த முன்னோடி யாவர்?

மக்கள் வழிபடும் தெய்வத்தை விளையாட்டுப் பொருளாக்கல் தகுமோ என்னும் தடை நியாயமானதே. நாம் கிறிஸ்தவ மாணவர். இவ்விடங்களில் நாம் வழிபடுவதில்லை. ஆதலின், பிறர் வழிபடுவதைக் கையாளுங்கால் நமக்குக் கூச்சம் இருத்தல் வேண்டும். தெய்வத்தை ஆட்டுவிக்க வேண்டா; யானையும் கொடியும் கலங்கிய மன்னனுமே போதும். ஆயின், வழிபாடு வேறு, ஊரின் கதையை அறிதல் வேறு. நம் பாட்டியரும் இம்மண்ணில் வாழ்ந்தவரே. அவர் கேட்ட கதைகளில் நமக்கும் பங்குண்டு.

கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்துக் கதைகளைத் திரட்டினார். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில், தொழிற்சாலைகள் எழுமுன் ஏரிகளையும் வயல்களையும் கண்ட முதியோர் இன்னும் உளர். ஏரிக்கரைப் பேயையும் எல்லைக் காவலனையும் பற்றி அவர் அறிந்தவை அவரோடு மறையும் முன், வரும் விடுமுறையில் நம்முள் ஒவ்வொருவரும் ஒரு கதையேனும் ஊர்ப்பெயருடன் கேட்டெழுதுவோமாக. விளையாட்டைப் பின்வருவோர் செய்துகொள்வர். அவர்க்கு ஏடு இல்லாமற் செய்த பழி மட்டும் நம்மைச் சாராதிருக்கட்டும்.