எங்கள் விலாசத்தில் என்ன பிழை?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மாநகராட்சி அரையாண்டுக்கு ஒரு முறை தவறாமல் சொத்து வரி வசூலிக்கிற வீடு. மின்வாரிய ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகிற வீடு. தபால்காரரும், காஸ் சிலிண்டர் கொண்டு வருபவரும், தேர்தல் காலத்தில் சகல கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கண்டுபிடிக்கிற வீடு. இப்படிப்பட்ட ஒரு வீட்டின் விலாசம் ‘தவறானது’ என்று, ஓட்டல்களிலிருந்து ஆகாரம் வாங்கிக் கொடுக்கும் ஒரு கைபேசிச் செயலியின் நிர்வாகம் சென்ற வாரம் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அந்த வீட்டில் வசிக்கும் துர்ப்பாக்கியசாலி என்ற முறையில், தங்கள் பத்திரிகையின் வாயிலாக அத்தீர்ப்பை ஆட்சேபிக்க விரும்புகிறேன். இத்தகைய செயலிகளின் வரைபடக் குளறுபடிகளைத் தாங்களும் அனுபவித்தே இருப்பீர்களாதலால், பீடிகையை விட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாள். ஆகவே எங்கள் வீட்டு அடுப்பு சில வாரங்களாகக் காபிக்கு மேல் எதற்கும் எரிவதில்லை. புனேயில் உத்தியோகம் பார்க்கும் மகள், அங்கிருந்தபடியே தன் கைபேசி மூலம் எங்கள் இராத்திரி ஆகாரத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை, மாலையில் பிடித்த மழை விட்டும் விடாமலும் இருந்த சமயத்தில், இட்லியும் ரசம் சாதமும் புறப்பட்டுவிட்டதாகத் தகவல் சொன்னாள். சற்று நேரத்துக்கெல்லாம், வந்தே விட்டதாகவும் சொன்னாள். வாசலில் ஈ காக்கை இல்லை. டெலிவரிக்கு வந்த பையன் போனில் அழைத்தான்.

“சார், வெளிய வாங்க சார், கேட்டாண்டதான் நிக்கிறேன்.”

“எந்த கேட்டு, தம்பி?”

“கறுப்பு கேட்டு சார். பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் இருக்குதே.”

எங்கள் சந்தில் கறுப்பு கேட்டும் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. மேலும் விசாரித்ததில், அவன் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான் என்பது வெளியாயிற்று. “மேப் இங்கதான் சார் காட்டுது. இன்னும் அறுபது மீட்டர்னு போட்டிருக்கு” என்றான், பரிதாபமாக. அறுபது மீட்டர் என்பதில் பொய் இல்லை. ஒரு மதிலேறிக் குதித்து, 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கும் தடத்தைக் குறுக்கே கடந்து, மறுபடி ஒரு மதிலேறிக் குதிக்கச் சம்மதிக்கிறவர்களுக்கு அவ்வளவுதான் தூரம். உயிர்மேல் ஆசையுள்ள மற்றவர்கள் சுரங்கப்பாதை வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அன்று சுரங்கப்பாதையில் முழங்காலளவு ஜலம்.

பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த ஜலத்தில் நடந்து வந்துகொண்டிருந்த அதே வேளையில், செயலியானது தன் கடிகாரத்தைப் பார்த்து, ‘வாடிக்கையாளர் குறிப்பிட்ட இடத்தில் இல்லை’ என்று முடிவு செய்து, ஆர்டரையே ரத்து செய்துவிட்டது. ஆகாரம் வந்தது, இட்லி ஆறிப்போயிருந்தது, ரசத்தில் பாதி பைக்குள் இருந்தது. அதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. பசித்தவர்கள் சாப்பிட்டுவிட்டோம். ஆனால், ரத்தான ஆர்டருக்குத் தனக்குக் கூலி கிடையாது என்றும், சுற்றி வந்த தூரம் கணக்கில் ஏறாது என்றும், இதற்குள் வந்திருக்க வேண்டிய அடுத்த ஆர்டரும் போயிற்று என்றும், எவரையும் நோகாமல், இதெல்லாம் வழக்கந்தான் என்ற பாவனையில், சொட்டச் சொட்ட நனைந்து நின்றபடி அந்தப் பையன் சொன்னானே, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுதத் தூண்டியது. மறுநாள் என் மகள் முறையிட்டபோது கிடைத்த பதில்: விலாசம் தவறானது, பணம் திரும்பக் கிடைக்காது, இனியேனும் லொகேஷனைச் சரியாகக் குறிக்கவும்.

என் மகள் குறித்தது சரியாகத்தான் இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் மொட்டை மாடியின் மேலேயே அவள் அடையாளத்தை வைத்திருக்கிறாள். ஆனால் எங்கள் சந்தின் கடைசித் திருப்பம் ஸ்தாபனத்தின் வரைபடத்தில் இல்லவே இல்லை. அவர்களைப் பொறுத்தமட்டில் சந்து பாதியிலேயே முடிந்துவிடுகிறது. எனவே, அடையாளத்துக்கு மிக அருகிலுள்ள பாதை எது என்று தேடிய யந்திரம், மதிலையும் தண்டவாளத்தையும் லட்சியம் செய்யாமல், அந்தப் பக்கத்துச் சாலையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

வீட்டிலிருந்தே ஆர்டர் செய்கிறவர்களுடைய கதியும் உயர்ந்ததன்று. 20,000 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் சமிக்ஞை, திறந்த வெளியில் சில மீட்டர் பிசகுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கான்கிரீட் கூரையின் கீழும் அடுக்குமாடிகளின் இடுக்கிலும் அது சுவரில் மோதித் திரும்பிக் கைபேசியைக் குழப்ப, அடையாளம் அடுத்த தெருவுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. விலாசத்தை எழுத்தால் மட்டும் தருகிறவர்களுக்கோ, கதவு எண் அகப்படாவிட்டால் தெருவின் நடுவிலும், தெருவே அகப்படாவிட்டால் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குரிய வட்டாரத்தின் நடுவிலும் குறி விழுகிறது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அந்த 6 இலக்க எண்ணை ஏற்படுத்தியவர்கள், கடிதத்தை உரிய தபாலாபீஸ் வரை கொண்டு சேர்ப்பதற்காகவே அதை ஏற்படுத்தினார்கள்; அதற்கப்பால் வாசற்படி வரை போவது தபால்காரரின் ஞாபகசக்தியைப் பொறுத்தது.

இவையெல்லாம் சாதனத்தின் குறைபாடுகள் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். நான் சமாதானமடையாததற்குக் காரணம் வேறு. இந்தச் சில வாரங்களில் எத்தனையோ பையன்கள், ஒருவர் பின் ஒருவராக, முதலில் மதிலுக்கு அப்பால் போய் நின்று, போனில் வழி கேட்டுத் தெரிந்துகொண்டு, சுற்றி வந்து, எங்கள் வாசலில் நின்றபடியே, ஆகாரத்தைக் கொடுத்தாயிற்று என்பதற்கான பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்திய க்ஷணத்தில் அவர்களுடைய கைபேசி எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருந்தது என்பதை, அவர்களை நிமிஷத்துக்கு நிமிஷம் பின்தொடர்ந்து கணக்கெடுக்கும் ஸ்தாபனம் அறியாமல் இருக்க நியாயமில்லை. வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு தினங்களில், ஒரே இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், அந்த இடந்தான் வாசல் என்று ஊகிப்பதற்குப் பெரிய மேதாவிலாசம் வேண்டுமா? ஒருவன் அலைந்து கண்டுபிடித்த வழி அடுத்தவனுக்கு உபயோகப்படும்படி செய்திருந்தால், வெள்ளிக்கிழமை வந்த பையன் ஜலத்தில் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

ஏன் செய்யவில்லை என்றால், பிசகினால் விளையும் நஷ்டத்தில் ஒரு பைசாவும் அவர்களைச் சேர்ந்ததன்று. ஆகாரத்தின் விலை என்னைச் சேர்ந்தது. பெட்ரோலும் நேரமும் கூலியும் அந்தப் பையனைச் சேர்ந்தவை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நியாயந்தான் இங்கே கணிப்பொறி மூலம் பரிபாலிக்கப்படுகிறது.

அடையாளங்களை எழுத்தில் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கொடுத்திருக்கிறோம்: ‘ரயில் மதிலை ஒட்டிய கடைசி வீடு, ஆதம்பாக்கம் பக்கம்’ என்று தெளிவாகவே எழுதியிருக்கிறோம். வரைபடம் பேசிக்கொண்டே வழிநடத்துகையில், மழையில் வண்டி ஓட்டுகிறவன் கண்ணாடித்துண்டின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் இந்த வாசகத்தை எப்போது படிப்பான்? வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுவதுதானே என்று கேட்கிற ஆரோக்கியவாதிகளுக்கு, என் மனைவியின் எக்ஸ்ரே படத்தை அனுப்பி வைக்கச் சித்தமாயிருக்கிறேன்.

தனியார் ஸ்தாபனத்தை மட்டும் குறை சொல்லி, மாநகராட்சி உத்தியோகஸ்தர்களை விட்டுவிடுவது பாரபட்சமாகும். 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விஸ்தரிக்கப்பட்டபோது, ஆலந்தூர் நகராட்சியோடு நாங்களும் மாநகரவாசிகளானோம். சேர்ந்த ஊர்கள் ஒவ்வொன்றும் தத்தம் காந்தி தெருவையும் பிள்ளையார் கோயில் தெருவையும் சீதனமாகக் கொண்டுவந்தன. ஒரே கதவுக்குப் பழைய நம்பர், புதிய நம்பர், மனை நம்பர் என்று மூன்று நாமகரணங்கள். தெருப் பெயர்ப் பலகையோ, பூப்புனித நீராட்டு விழா சுவரொட்டிக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் பொதுவான ஆதாரமாக நிற்கிறது. இத்தனைக்கும், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற துரை, எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஆதாரக் கோட்டை 57 நாட்கள் அளந்து, பாரத தேசம் முழுவதையும் அளக்கும் மாபெரும் திரிகோண அளவையைத் தொடங்கியது, எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பரங்கிமலையருகே. அந்த அளவையின் தொடர்ச்சியாகத்தான் இமயத்தின் உச்ச சிகரத்தினுடைய உயரத்தையே கணித்தார்கள். அதே மலையின் அடிவாரத்திலுள்ள ஒரு வாசற்படியைக் கணிக்க, இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நமக்குச் சாத்தியப்படவில்லை.

சாதனம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் ஒத்துழைக்க, தபால் இலாகா 2025-ஆம் ஆண்டு மே மாதம் ‘டிஜிபின்’ என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. அது மாடியைச் சொல்லாது என்பது வாஸ்தவம். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதையாவது சந்தேகமறச் சொல்லிவிடும். மாநகராட்சி அதைக் கதவு எண் பலகையிலும் வரி ரசீதிலும் அச்சிடட்டும். மேற்படி செயலியில் அதை எழுதுவதற்கென ஒரு கட்டம் இல்லை, ஸ்தாபனம் அதை உண்டாக்கட்டும். வரைபடத்தின் பிசகால் சுற்றிய தூரத்துக்கும் தொழிலாளிக்குக் கூலி உண்டு என்று சர்க்கார் விதி செய்யட்டும். அவ்வாறு விதித்த மறுநாளே எங்கள் சந்து வரைபடத்தில் முழுமையாகத் தோன்றிவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் காண வேண்டும். முதல் கெடு தாண்டிவிட்டது. என் புகாருக்கு இதுவரை ஒரு யந்திரம் மாத்திரமே, என்னைப் பெயர் சொல்லி அழைத்து, என் மன வருத்தத்தைத் தான் முற்றிலும் புரிந்துகொள்வதாகப் பதில் அளித்திருக்கிறது. அதனிடமிருந்தே நேற்று இன்னொரு செய்தியும் வந்தது: ஆகாரம் கொண்டு வந்த பையனுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தது. ஐந்தையும் கொடுத்தோம். வரைபடத்துக்கு எத்தனை என்று அது கேட்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை – 600 088.