பத்திரம் தொலைந்தால் நிலம் தொலையுமா?

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் திறக்க மறுத்தால், எல்லாம் போய்விட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறோம். பல சமயங்களில் அந்த நிமிஷம் வரை எதுவுமே போயிருக்காது. அதற்குப் பிறகு அவசரத்தில் நாம் செய்கிற காரியத்தால்தான் போகிறது. சிக்னல் பகுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பற்றி நம் அங்கத்தினர்களிடம் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலைப் பாகம் பிரித்த பத்திரம் ஒன்று உண்டு. அதுதான் பார்ட்டிஷன் டேபிள். 1983-இல் ஐ.பி.எம்.மின் பி.சி. டாஸ் 2.0 வந்த காலத்து ஏற்பாட்டில், டிஸ்க்கின் முதல் செக்டரான 512 பைட்டுக்குள் இந்தப் பத்திரம் அடங்கிவிடுகிறது. அதிலும் பத்திரம் வெறும் 64 பைட்தான். வரிக்கு 16 பைட்டாக நாலே வரிகள். எந்தப் பாகம் எந்தச் செக்டரில் ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பதுதான் அதில் எழுதியிருக்கும். மின்சாரம் திடீரென்று போனாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினாலோ, வைரஸ் புகுந்தாலோ இந்த 64 பைட் கெட்டுப்போகலாம். அப்போது டிஸ்க் காலி என்று கம்ப்யூட்டர் சொல்லும். உண்மையில் நம் போட்டோக்களும் கணக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பத்திரம்தான் இல்லை.

பத்திரம் தொலைந்தாலும் வயலில் எல்லைக் கல் நிற்கும் அல்லவா? அதைப் போல ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் தன் வகையையும் அளவையும் சொல்லும் ஒரு செக்டர் இருக்கிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் அதற்கு ஒரு நகல் அந்தப் பாகத்தின் கடைசியிலும் உண்டு. டெஸ்ட்டிஸ்க் என்ற ப்ரோக்ராம் டிஸ்க் முழுவதும் நடந்து இந்தக் கற்களைத் தேடிப் பிடித்து, பத்திரத்தைத் திரும்ப எழுதித் தருகிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகவே கொடுத்திருப்பது. ஜி.பி.டி. என்னும் புதிய முறையிலோ பத்திரத்தின் மறுபிரதி டிஸ்க்கின் கடைசியில் தயாராகவே இருக்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும் மக்கள் ஏன் இழக்கிறார்கள்? திரையில் "ஃபார்மட் செய்யட்டுமா?", "இனிஷியலைஸ் செய்யட்டுமா?" என்று கேள்வி வருகிறது. கேட்டதற்கு "ஆம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் "ஃபார்மட் கர்னா படேகா" என்ற ஒரே மந்திரம்தான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், காலஞ்சென்ற தம் கணவர் எடுத்த படங்கள் இருந்த டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்தார். கடைப் பையன் ஃபார்மட் செய்து, "இப்போது நன்றாக ஓடுகிறது" என்று திருப்பித் தந்தான். வீட்டிலிருந்த பிள்ளைகள் அதில் சினிமாக்களை ஏற்றிவிட்டார்கள். பிறகுதான் அது என்னிடம் வந்தது. ஃபோட்டோரெக் என்ற ப்ரோக்ராமைப் போட்டுத் தேடியதில் பாதிக்கும் குறைவாகவே படங்கள் கிடைத்தன. அவையும் பெயர், தேதி இல்லாமல் குவியலாக. பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க்கைச் சரிசெய் என்றார்கள், சரிசெய்தான். டிஸ்க் அல்ல, உள்ளே இருப்பதுதான் வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ரயில்வேயில் சிக்னல் கருவி எதையும் கழற்றுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ரிப்பேர் எவ்வளவு அவசரமானாலும் வண்டிகளின் பாதுகாப்பு முதலில், ரிப்பேர் பிறகு. டிஸ்க் விஷயத்திலும் அதே வரிசைதான். முதலில் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அதில் ஒரு எழுத்துகூடப் புதிதாக எழுதக் கூடாது. டக் டக் என்று சத்தம் வந்தால் அது பத்திரக் கோளாறு அல்ல, இயந்திரக் கோளாறு. மறுபடி மின்சாரம் கொடுக்காமல் அதற்கென்று உள்ள நிபுணர்களிடம் போக வேண்டும். சத்தம் இல்லையென்றால், அதே அளவோ அதற்கு மேலோ உள்ள வேறொரு டிஸ்க்கில் செக்டருக்குச் செக்டர் நகல் எடுங்கள். லினக்ஸில் இதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. தேடுவது, திருத்துவது எல்லாம் அந்த நகலில்தான். கோப்புகளைக் கண்ணால் பார்த்த பிறகே பத்திரத்தை எழுத வேண்டும்.

ஃபார்மட்டிலும் இரண்டு வகை இருக்கிறது. 'குயிக்' வகை பொருளடக்கத்தை மட்டும் புதிதாக எழுதுகிறது, ஆகவே மீட்க வாய்ப்பு உண்டு. முழு ஃபார்மட் என்றால், 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, அந்தப் பாகம் முழுவதிலும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. பிறகு தேட எதுவும் மிஞ்சாது. எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் குயிக் ஃபார்மட்டே பெரும்பாலும் ஆபத்துதான். காலியான இடத்தை அது தானாகவே துடைத்துக்கொள்ளும்.

"எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே, இந்தக் கவலை எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் வெளிமாநிலத்துத் தமிழ்ச் சங்கங்களின் நிலைமை நமக்குத் தெரியும். செயலாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். பாஸ்வேர்டும் அவரோடு போகும். டிஸ்க்கோ யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கும். சங்கத்தை ஆரம்பித்தவர்களின் பெயர்கள், பொங்கல் விழா நாடகப் படங்கள், பழைய மலர்களின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் வேறெந்த நூலகத்திலும் கிடைக்காது. நாம் தொலைத்தால் அவை தொலைந்தவைதான்.

ஆகவே என் யோசனை இரண்டு. சங்கத்தின் ஆவணங்கள் இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு பேர் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு நாளன்று இரண்டையும் திறந்து பார்த்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு குடும்பத்துக்கும். டிஸ்க்கைக் கடையில் கொடுக்கும்போது ரசீதில், "உள்ளே இருப்பது வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு டிஸ்க்குகளின் விலை பொங்கல் விழாவின் பந்தல் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். செயற்குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.