பல்லுக்கு வெள்ளி வேண்டாம்

பல்லின் மேல் ஒட்டும் சிறு நகைக்குத் தங்கமா வெள்ளியா என்று தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்து இளைஞர்கள் கேட்டால், என் பதில் தங்கம்தான். பகட்டுக்காகச் சொல்லவில்லை. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. பூஜையறை வெள்ளி விளக்கு மெல்ல மங்கி, வேலைப்பாட்டின் குழிகளில் கருப்பேறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள சொற்பக் கந்தகமே அதற்குப் போதும். வாயிலோ முட்டை, வெங்காயம், பூண்டு போக, பல்லிடுக்கில் வாழும் பாக்டீரியாக்களே ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்க்கலாம். பல்லை அப்படித் தேய்த்தால் எனாமல்தான் போகும்.

வெள்ளி கிருமியைக் கொல்லுமே என்பார்கள். உண்மைதான். சொத்தையை நிறுத்த மருத்துவர்கள் வெள்ளி கலந்த ஃப்ளோரைடு தடவுகிறார்கள். அந்த இடம் கருத்துவிடும் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் தடவுகிறார்கள். மருந்தில் கரைந்த வெள்ளி வேறு, நகைத் தகடு வேறு. தங்கம் கட்டுப்படியாகுமா என்றால், அரிசிமணியிலும் சிறிய தகடு ஒரு கிராமில் சிறு பங்குதான். முலாம் மட்டும் வேண்டாம். தேய்ந்தால் அடியிலுள்ள உலோகம் வாயில் படும், அது நிக்கலாக இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், காரட்டை பில்லில் எழுதி வாங்குங்கள். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் இந்த வேலை அழகுநிலையத்துக்கு உரியதல்ல. பள்ளிக்கரணையிலும் ரத்தினமங்கலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே பல்லைக் காட்டுங்கள்.