கடையில் வாங்கிய குப்பை

நவராத்திரியில் ஆரம்பித்து பொங்கல் வரைக்கும் ஃபேன்ஸி ஸ்டோர்களில் ஒரு வேடிக்கை நடக்கும். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அம்மாவோடு வந்து நிற்கும் குழந்தை, "அண்ணா, அம்பது பேப்பர் கப், ஐஸ் குச்சி ஒரு பாக்கெட், தெர்மாகோல் ஷீட் ஒண்ணு" என்று ஒப்பிக்கும். எதற்காம்? பள்ளிக்கூடத்தில் பண்டிகை அலங்காரப் போட்டி. போட்டியின் பெயர், 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்'!

வீணாகப் போகும் பொருளில் கைவேலை செய்யவேண்டும் என்பது விதி. வீட்டில் தேட யாருக்கும் பொறுமையில்லை. அதனால் காசு கொடுத்துப் புத்தம் புது வேஸ்ட்டை வாங்குகிறோம். ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா ஒட்டுகிறார். குழந்தை தூங்குகிறது. மறுநாள் பரிசு. அதற்கு அடுத்த நாள் அத்தனையும் நிஜமாகவே வேஸ்ட்.

இதில் சட்டம் வேறு இருக்கிறது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு, பிளாஸ்டிக் கொடியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அமலுக்கு வந்த மத்திய அரசின் தடைப் பட்டியலிலோ, 'அலங்காரத்துக்கான தெர்மாகோல்' என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். சட்டத்தை மதிக்கக் கற்றுத்தர வேண்டிய இடத்தில், அதை மீறினால் மார்க் கொடுக்கிறார்கள்!

பள்ளிக்கூடத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் வீட்டு வாசல் என்ன லட்சணம்? நிலையில் பிளாஸ்டிக் மாவிலை. தரையில் ஸ்டிக்கர் கோலம். "ஒரு தடவை வாங்கினா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல சார்" என்கிறார் கடைக்காரர். அதுதான் சார் கவலையே! தோரணம் என்பது வாடவேண்டிய பொருள். வாடியதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த பண்டிகைக்கு மறுபடி எல்லோருமாக உட்கார்ந்து கட்டவேண்டிய பொருள். கட்டுகிற அந்த ஒரு மணி நேரம்தான் பண்டிகை. அதை விற்றுவிட்டு, 'முன்ன மாதிரி களை இல்லையே' என்று புலம்பி என்ன லாபம்?

கையில் காசில்லாத வீட்டிலும் அலங்காரத்துக்குக் குறை இருந்ததில்லை. கொலுவுக்குப் பார்க் வேண்டுமா? தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பிக் கேழ்வரகு தூவி, தண்ணீர் தெளித்து வந்தால் நாலைந்து நாளில் பச்சைப் புல்வெளி. நடுவே ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடி, அதுதான் குளம். கிறிஸ்துமஸுக்கு மூங்கில் சிம்பைக் கட்டி வண்ணக் காகிதம் ஒட்டினால் நட்சத்திரம். வைக்கோல் போட்டால் குடில். கார்த்திகைக்குப் பனம்பூவைக் கருக்கிப் பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்றினால் மாவளி. பொறி பூவாய்க் கொட்டும். கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் செருகிக் காப்புக் கட்டுகிறார்கள். இதற்கெல்லாம் எந்தக் கடையில் பில் போட்டார்கள்?

"ஃபிளாட்டுல மாவிலைக்கும் குருத்தோலைக்கும் எங்க போறது?" என்பீர்கள். நியாயம். குருத்தோலையை இஷ்டத்துக்கு வெட்டுவதும் தப்புதான். ஒரு தென்னை வருஷத்துக்குச் சுமார் 12 ஓலைதான் விடும். ஒவ்வொரு ஓலையின் இடுக்கிலும்தான் ஒரு பாளை. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதே? வருஷத்துக்கு 365 தாள் கிழித்துப் போடுகிறீர்களே? முக்கோணமாக வெட்டி, மைதாப் பசை காய்ச்சிச் சணலில் ஒட்டுங்கள். கூடம் முழுக்கத் தோரணம்!

"நேரமில்லை" என்பது இரண்டாவது சாக்கு. சீரியலுக்கும் செல்போனுக்கும் இருக்கிற நேரம் இதற்கு மட்டும் எங்கே போகிறது?

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அது மட்டும் சாக்கு இல்லை. "இதையும் பொம்பளைங்க தலையிலதானே கட்டுவீங்க?" சத்தியமான கேள்வி. விடியற்காலையில் குனிந்து கோலம் போட்டது யார், படுத்துக்கொண்டே காபி கேட்டது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் மாவிலையை வாங்கிய பல பெண்கள் சோம்பேறித்தனத்தால் வாங்கவில்லை, அலுத்துப்போய் வாங்கினார்கள். ஆகவே அப்பாக்களே, கத்தரிக்கோலை நீங்கள் எடுங்கள். பசையை நீங்கள் காய்ச்சுங்கள். அது முடியாதென்றால், பிளாஸ்டிக் தோரணத்தைப் பற்றி வீட்டில் பேச உங்களுக்கு உரிமை கிடையாது.

பெரிய ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இதே ஓலைத் தோரணத்தை 'எத்னிக் டெக்கரேஷன்' என்று பெயர் மாற்றி, நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு கட்டுகிறார்கள். கைவேலைக்கு மதிப்பு இருக்கிறது. நம் பிள்ளைகளின் கையில்தான் அது இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்கு ஒரே ஒரு விதி போடுங்கள்: யாரும் கடைக்குப் போகக்கூடாது, குழந்தையின் கைதான் ஒட்டவேண்டும். கோணல்மாணலாகத்தான் வரும். வரட்டும். அந்தக் கோணலுக்குக் கொடுங்கள் முதல் பரிசை!