சல்லடையை மூடுங்கள்

கிரஷர் தூசியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி வருகிறது: "சார், ஜல்லி இல்லாமலா நீங்க வீடு கட்டினீங்க?" ஜல்லி போட்டுத்தான் கட்டினேன். கிரஷரை மூடு என்று நான் எங்கே சொன்னேன்? சல்லடையை மூடுங்கள் என்கிறேன்.

எல்லோரும் வெடியைத்தான் திட்டுகிறார்கள். வெடி சில நொடி. பாறையை மெல்லும் தாடை இயந்திரம், ஒன்றரை, முக்கால், அரை என்று ஜல்லியைப் பிரிக்கும் அதிர்வுச் சல்லடை, பெல்ட்டிலிருந்து குவியலில் கொட்டும் இடம் - நாள் முழுக்கத் தூசி கிளம்புவது இங்கேதான். வீட்டில் மாவு சலிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் தூசி பக்கத்திலேயே படிந்துவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. கருங்கல்லில் உள்ள சிலிக்கா அங்கே தழும்பாக மாறுகிறது. பெயர் சிலிகோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது. இருமிக்கொண்டு போகும் தொழிலாளிக்கு டி.பி. என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பதில்லை. சிலிகோசிஸ்காரருக்கு டி.பி. எளிதில் தொற்றும் என்பதும் உண்மைதான். ஆனால் டி.பி. என்று மட்டும் எழுதினால் முதலாளி தப்பித்தார். சிலிகோசிஸ் என்று எழுதினால் அது சட்டப்படி தொழில்நோய், இழப்பீடு கேட்கலாம். ராஜஸ்தான் 2019-இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது.

விதி இல்லாமல் இல்லை. காற்றுத் தடுப்புச் சுவர், தூசி அடக்கும் அமைப்பு, வளாகத்துக்குள் தார்ச்சாலை, சுற்றிலும் மரங்கள் எல்லாம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் இருக்கின்றன. இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 600 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது.

"தண்ணி அடிச்சா சல்லடைக் கண் அடைச்சுக்கும்" என்கிறார்கள். வாஸ்தவம், ஈரத்தூள் ஒட்டும். அதனால்தான் சல்லடையைத் தகட்டால் மூடி, தூசியை உறிஞ்சிப் பையில் பிடிக்கும் முறை இருக்கிறது. தண்ணீரைத் தாடையிலும் பெல்ட் முனையிலும் பனிபோலத் தெளித்தால் போதும். எங்கள் பக்கத்துக் கிரஷர் ஒன்றில் தெளிப்பான்கள் அழகாக வரிசையாக நிற்கின்றன. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் தண்ணீர் வரும், மறுநாள் வராது.

அக்டோபர் 2 கிராம சபையில், கடைசியாக எடுத்த தூசி அளவை வாசிக்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறேன். எந்தத் தேதி, எத்தனை மணி, இயந்திரம் ஓடும்போது எடுத்ததா என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள்.