எண்ணெய்த் தொட்டிக்கு மிச்ச இடம் போதாது

2019 மார்ச் 23 அன்று பிற்பகல் இரண்டு மணி ஆவதற்குச் சற்று முன்னால், நார்வேயின் மேற்குக் கரையோரம் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் ‘வைக்கிங் ஸ்கை’ என்ற பயணிகள் கப்பலில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் நின்றுபோயின. அந்தக் கப்பலின் உந்துவிசையும் மின்சாரத்தை நம்பியே இருந்ததால், விளக்குகளோடு சேர்ந்து கப்பலைச் செலுத்தும் சக்தியும் போனது. கப்பலில் 915 பயணிகளும் 458 ஊழியர்களுமாக 1,373 பேர் இருந்தார்கள். பாறைகள் மலிந்த கரையை நோக்கிப் புயல் கப்பலைத் தள்ளியது. தரைதட்டக் கப்பலின் நீள அளவு தூரமே மிச்சமிருந்தது என்று விசாரணை அறிக்கை பின்னர் சொன்னது. நங்கூரத்தாலும் ஊழியர்களின் உழைப்பாலும் கப்பல் தப்பியது; 479 பேரை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரைசேர்த்தன. இத்தனைக்கும் காரணம் தீ விபத்தோ மோதலோ இல்லை. ஓடிக்கொண்டிருந்த மூன்று ஜெனரேட்டர்களிலும் எண்ணெய்த் தொட்டி ஆடிய ஆட்டத்தில் பம்புக்கு எண்ணெய் கிடைக்கவில்லை.

என்ஜினின் அடியில் மசகு எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டியைப் பொறியாளர்கள் சம்ப் என்பார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது ஆயில் சேம்பர். பம்ப் அங்கிருந்து எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்வரைதான் உலோகம் உலோகத்தை உரசாது. உறிஞ்சு குழாயின் வாய் சில விநாடிகள் எண்ணெய்க்கு வெளியே வந்தால் காற்று நுழையும், அழுத்தம் சரியும், பாதுகாப்புக் கருவி என்ஜினை நிறுத்திவிடும். தரையில் நிற்கும் ஜெனரேட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கடலில் தொட்டியே ஓயாமல் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே கப்பல் ஜெனரேட்டரின் சம்பையும் அது உட்காரும் மவுண்டிங்கையும், மற்ற எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் சந்தில் திணிக்கக் கூடாது என்பதே என் வாதம். கப்பல் எவ்வளவு சாயும் என்ற கேள்வியிலிருந்தே அவற்றின் வடிவமைப்பு தொடங்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்துவதில் தவறில்லை. சாய்வைக் கணக்கிடாமல் மிச்சப்படுத்துவதுதான் உயிரோடு விளையாடுவது.

ஒரே அளவு தண்ணீரைத் தாம்பாளத்திலும் சொம்பிலும் ஊற்றி, இரண்டையும் ஒரே அளவு சாய்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். தாம்பாளத்தில் தண்ணீர் ஒரு விளிம்புக்கு ஓடி மறுபக்கம் வறண்டுவிடும். சொம்பின் அடி நனைந்தே இருக்கும். உயரம் குறைந்த என்ஜின் அறைக்காகச் சம்பைத் தட்டையாக்கும்போது நாம் சொம்பைத் தாம்பாளமாக்குகிறோம். இதைக் கணக்காகவே பார்க்கலாம். 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தட்டையடிச் சம்ப் ஒன்றில் 4 செ.மீ. ஆழத்துக்கு, அதாவது ஏறத்தாழ 11 லிட்டர் எண்ணெய் இருப்பதாகவும், உறிஞ்சு குழாய் நட்டநடுவில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். என்ஜின் கப்பலின் நீளவாக்கில் இருந்து, கப்பல் பக்கவாட்டில் 22.5 டிகிரி சாய்ந்தால், நடுவில் இன்னும் 3.8 செ.மீ. எண்ணெய் நிற்கும். அதே என்ஜினை இடம் போதவில்லை என்று குறுக்குவாக்கில் வைத்திருந்தால், எண்ணெய் முழுவதும் ஒரு முனையில் 42 செ.மீ. நீளத்துக்குள் ஒதுங்கிவிடும்; 45 செ.மீ. தொலைவில் உள்ள குழாயின் வாய்க்குக் காற்றுதான் கிடைக்கும். ஆழம் 10 செ.மீ. இருந்தால் குறுக்குவாக்கிலும் நடுவில் 8 செ.மீ.க்கு மேல் எண்ணெய் நிற்கும். சம்பும் சாய்வும் மாறவில்லை. வைத்த திசையும் ஊற்றிய அளவும்தான் மாறின. இதுவும் அசையாமல் சாய்ந்து நிற்கும் தொட்டிக்கான கணக்கு. அலையில் எண்ணெய் தளும்பும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த 22.5 டிகிரி என் கற்பனை எண் இல்லை. கடலில் மனித உயிர்களைக் காப்பதற்கான சோலாஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தம், உந்துவிசைக்கும் பாதுகாப்புக்கும் இன்றியமையாத இயந்திரங்கள், கப்பல் ஒரு பக்கமாக 15 டிகிரி சாய்ந்து நின்றாலும், 22.5 டிகிரிவரை இருபுறமும் உருண்டாலும், அதே நேரத்தில் முன்னும் பின்னும் 7.5 டிகிரி ஏறி இறங்கினாலும் இயங்க வேண்டும் என்கிறது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த விதி எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கும்போது நிறைவேற வேண்டும் என்பதில்தான் ஓட்டை விழுகிறது. விபத்து நடந்த சில நாட்களிலேயே நார்வே கடல்சார் நிர்வாகம் வெளியிட்ட குறிப்பு இதைப் பளிச்சென்று காட்டியது. கப்பல் ஹுஸ்டாட்விகாவுக்குள் நுழைந்தபோது எண்ணெய் மட்டம் குறைவாக இருந்தாலும், நிர்ணயித்த வரம்புக்குள்தான் இருந்தது. எச்சரிக்கை மணி அதுவரை ஒலிக்கவில்லை என்றும் அந்தக் குறிப்பு சொன்னது. பின்னர் நடந்த விசாரணையில், தொட்டிகளில் கொள்ளளவின் 28 முதல் 40 சதவீதம்வரையே எண்ணெய் இருந்தது தெரியவந்தது. என்ஜின் தயாரிப்பாளரின் பரிந்துரையோ ஏறத்தாழ 68 முதல் 75 சதவீதம். 2024 மார்ச்சில் வெளியான நார்வே பாதுகாப்பு விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை, அந்தத் தொட்டிகளின் வடிவமைப்பே சோலாஸ் சாய்வு விதிக்கு இணங்கவில்லை என்று முடிவுகட்டியது. ஒப்புதல்கள் எல்லாம் பெற்று 2017-ல் கட்டி முடிக்கப்பட்ட புத்தம்புதுக் கப்பலின் கதை இது.

சம்ப் ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று பார்த்தால் மவுண்டிங்கும் கூடவே வருகிறது. என்ஜின் அறையின் உயரத்தை மூன்று பொருட்கள் பங்குபோடுகின்றன: கீழே அதிர்வு தாங்கும் மவுண்டிங், அதன் மேல் சம்ப், அதற்கும் மேல் என்ஜின். என்ஜினைச் சுருக்க முடியாது. எனவே கத்தி மற்ற இரண்டின் மேல் விழுகிறது. சம்பின் ஆழத்தைக் குறைத்தால் சாய்வில் காற்று புகும் அபாயம் மட்டும் கூடுவதில்லை. எண்ணெயின் அளவு குறைந்தால் அதே எண்ணெய் அடிக்கடி சுற்ற வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைக்கும் பம்ப், 30 லிட்டர் சம்பில் எண்ணெய்க்கு அரை நிமிடம் ஓய்வு தரும். 15 லிட்டர் சம்பில் 15 விநாடிதான். அந்த ஓய்வில்தான் எண்ணெயில் கலந்த காற்றுக்குமிழிகள் மேலே வந்து உடைகின்றன, கொஞ்சம் சூடும் தணிகிறது. ஓய்வு பாதியானால் நுரை கலந்த எண்ணெயே பேரிங்குக்குத் திரும்பிப் போகும்.

மவுண்டிங்கை நறுக்கினாலும் இதே கதைதான். ரப்பர் மவுண்டிங் என்ஜினின் எடையால் எவ்வளவு அமுங்குகிறதோ, அதைப் பொறுத்தே அதிர்வு தடுக்கப்படும். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஜெனரேட்டரின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு 25 முறை. மவுண்டிங் 4 மி.மீ. அமுங்குமானால், எளிய கணக்கின்படி அந்த அதிர்வில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் கப்பல் உடலுக்குப் போகும். உயரத்தை மிச்சப்படுத்த 1 மி.மீ. மட்டுமே அமுங்கும் கெட்டியான மவுண்டிங்கைப் போட்டால், மூன்றில் இரண்டு பங்கு போகும். குழாய் மூட்டுகளும் வெல்டிங்கும் அந்த அடியை ஆண்டுக்கணக்கில் வாங்கும். மாறாக மவுண்டிங்கை மென்மையாக்கிவிட்டுச் சம்புக்குக் கீழே இடம் விடாமல் போனால், கப்பல் உருளும்போது ஆடும் சம்பின் அடி அடித்தளத்தில் இடிக்கும். மென்மையான மவுண்டிங் வேண்டும், அது எல்லை மீறி ஆடாமல் பிடிக்கும் தடுப்பு வேண்டும், சம்புக்கு ஆழம் வேண்டும், அதன் கீழ் அசைவுக்கு இடம் வேண்டும். நான்கும் ஒரே உயரத்துக்குப் போட்டியிடுவதால், நான்கையும் ஒரே மேசையில் ஒன்றாகத்தான் முடிவு செய்ய வேண்டும். என்ஜினை ஒருவர் விற்க, மவுண்டிங்கை இன்னொருவர் பொருத்த, இடத்தை மூன்றாமவர் ஒதுக்கும் முறையில் அந்த மேசை எங்குமே போடப்படுவதில்லை.

சிறிய இடத்திலும் நல்ல சம்ப் அமைக்கப் பல வழிகள் உண்டு. அடி முழுவதையும் ஆழமாக்க முடியாவிட்டால், நடுவில் மட்டும் கிணறுபோல ஒரு பள்ளம் இறக்கி உறிஞ்சு குழாயை அதற்குள் வைக்கலாம். துளையிட்ட தடுப்புத் தகடுகள் எண்ணெய் ஒரே வீச்சில் மறுமுனைக்கு ஓடுவதை மட்டுப்படுத்தும். ஆனால், நெடுநேரம் சாய்ந்தே நிற்கும் கப்பலில் தகடு மட்டும் காப்பாற்றாது. பக்கவாட்டு ஆட்டமே பெரியது என்பதால், கூடுமானவரை என்ஜினை நீளவாக்கில் வைக்க வேண்டும். உயரம் உண்மையிலேயே இல்லையென்றால், என்ஜினடியில் எண்ணெயைத் தேக்காமல், அருகில் உயரமும் குறுகலுமான தனித் தொட்டிக்கு இறைத்து அங்கிருந்து ஊட்டலாம். தாம்பாளத்தை விட்டுச் சொம்புக்கு மாறும் வழி அது. அதற்குக் கூடுதல் பம்பும் குழாய்களும் வேண்டும். கசிவுக்கும் அதனால் தீக்கும் கூடுதல் கவனம் வேண்டும். எந்த வழியிலும் ஏதோ ஒரு விலை உண்டு. அந்த விலையை வடிவமைக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு முதல் மறுப்பு, ‘வைக்கிங் ஸ்கை’யில் தவறு எண்ணெயைக் குறைவாக வைத்த ஊழியர்களுடையது, வடிவமைப்பை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது. எண்ணெய் குறைவாக இருந்தது உண்மை. ஆனால், எந்த மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதைச் சாய்வின் அடிப்படையில் கணக்கிட்டு, அளவுகோலிலும் எச்சரிக்கை மணியிலும் பதித்துத் தருவது வடிவமைப்பின் பகுதி. மணி அடிக்காத மட்டத்தில் ஓடிய என்ஜின் நிற்குமானால், மணி தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது மறுப்பு, ஒரு ஜெனரேட்டர் நின்றால் காப்பாற்ற மற்றவை இருக்கின்றன என்பது. அந்தக் கப்பலில் நான்கு இருந்தன. ஒன்று டர்போசார்ஜர் கோளாறால் ஏற்கெனவே முடங்கியிருந்தது. மீதி மூன்றையும் ஒரே கடல் ஒரே விதமாகச் சாய்த்தது. ஒரே குறை எல்லாவற்றிலும் இருக்கும்போது எண்ணிக்கை பாதுகாப்பாகாது. மூன்றாவதாக, ஆபத்து நேரத்தில் தானாக நிறுத்தும் கருவியைத் துண்டித்துவிடலாமே என்கிறார்கள். எண்ணெய் இல்லாமல் ஓடும் என்ஜினில் பேரிங் உருகும், கனெக்டிங் ராடு முறியும், கிராங்க்கேஸில் வெடிப்புகூட நேரலாம். நின்ற என்ஜினை மறுபடி ஓட்டலாம். ‘வைக்கிங் ஸ்கை’யில் உந்துவிசையை மீட்க 39 நிமிடங்கள் பிடித்தன என்றாலும் மீட்க முடிந்தது. உடைந்த என்ஜினைக் கொண்டு எதையும் மீட்க முடியாது.

கனமான மறுப்பு செலவைப் பற்றியது. என்ஜின் அறை பெருத்தால் பயணிகளுக்கும் சரக்குக்கும் மீனுக்கும் இடம் குறையும். சிறிய படகுக் கட்டுநருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால், மேலே சொன்ன கணக்கில் வறண்ட சம்பையும் நனைந்த சம்பையும் பிரித்தது 6 செ.மீ. ஆழம்தான்; திசையை மாற்றினால் அதுவும் தேவைப்படவில்லை. சர்வதேசப் பயணம் போகும் 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் சோலாஸ் பொதுவாகப் பொருந்தாது என்பதும் சரியே. கடல் அந்த விலக்கை அறியாது. சிறிய கலம்தான் அதிகமாக உருளும். நம் கரையோர விசைப்படகுகளில் தரைவாகன டீசல் என்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்துவது நெடுநாள் வழக்கம்; சாலை மேட்டுக்காக வடித்த சேம்பர் அலைக்கும் ஈடுகொடுக்குமா என்று பார்க்கும் கடமை அங்கே சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி இப்போது நமக்கு நெருங்கி வந்திருக்கிறது. கப்பல் கட்டும் தொழிலுக்காக 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. தூத்துக்குடியில் பெரிய கப்பல் கட்டும் தளங்கள் வரவிருப்பதாக அறிவிப்புகள் வந்திருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பழைய பழக்கத்தை அவிழ்க்க வேண்டியதில்லை, முதல் ஒப்பந்தத்திலேயே சரியாக எழுதிவிடலாம். ஒவ்வொரு ஜெனரேட்டருக்கும் விதி சொல்லும் முழுச் சாய்வில், அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த எண்ணெய் மட்டத்தில், பம்புக்கு எண்ணெய் கிடைக்கும் என்பதற்கான சான்றைக் கேட்க வேண்டும். சிறிய என்ஜின்களைச் சாய்வு மேடையில் ஏற்றி ஓட்டிக் காட்டலாம். பெரியவற்றுக்குக் கணக்கீட்டைச் சுயேச்சையான ஒருவர் சரிபார்க்கலாம். அளவுகோலின் கீழ்க்கோடு அந்தச் சான்றிலிருந்தே வர வேண்டும். எச்சரிக்கை மணி அதற்கு மேலே இருக்க வேண்டும். மவுண்டிங்கின் அசைவும் சம்புக்குக் கீழான இடைவெளியும் அதே வரைபடத்தில் இருக்க வேண்டும். அப்படியொரு வரைபடத்தில் சம்பின் குறுக்கே 22.5 டிகிரி சாய்வில் ஒரு கோடு ஓடும். உறிஞ்சு குழாயின் வாய் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க ஒப்புதல் அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவர் செலவிட்டாரா என்பது, புயலில் சிக்கிய கப்பலில் விளக்கு எரிகிறதா என்பதில் தெரிந்துவிடும்.