போனுக்குள் ஒரு தூண்டில்

"கடல பக்கத்துல வெச்சிக்கிட்டு போன்ல மீன் புடிக்கிறியே!" என்று நானா என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்கென்ன, அஸர் தொழுதுவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விடலாம். நான் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும். அதனால்தான் என் தூண்டில் போனுக்குள் இருக்கிறது.

மீன்பிடி விளையாட்டுகள் வெறும் நேர விரயம் என்பதை நான் ஏற்கமாட்டேன். சுடுவதும் ஓடுவதுமான விளையாட்டுகளுக்கு நடுவில் காத்திருக்கச் சொல்பவை இவைதான். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத அந்த நொடிதான் இவற்றின் இன்பம்.

அதே இடத்தில்தான் எரிச்சலும் தொடங்குகிறது. எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வெலி'யில் மீன் கடித்ததும் திரையில் நெடுக்காக ஒரு பெட்டி தோன்றும். அதற்குள் மீன் மேலும் கீழும் ஓட, ஒரு பச்சைப் பட்டையை அதன் கூடவே நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் பட்டை சிறியது. மீன்களைப் பிடித்துத் திறன் கூடினால்தான் அது நீளும். பழகாதவருக்குத்தான் சோதனை அதிகம்! காத்திருக்க வந்தவளிடம் விரல் வேகத்தைக் கேட்பது என்ன நியாயம்?

2020இல் வந்த 'அனிமல் குரோசிங்: நியூ ஹொரைசன்ஸ்' வேறு விதம். மாமி வீட்டில் விளையாடியிருக்கிறேன். மீனின் நிழல் வந்து மிதவையை மெல்ல முட்டும். அவசரப்பட்டு இழுத்தால் மீன் போய்விடும். உண்மையாகக் கடிக்கும்வரை பொறுக்க வேண்டும். ஐந்தாவது தடவை அது கட்டாயம் கடிக்கும். பெரிய நிழலைக் கண்டு ஆசையோடு வீசினால் பெரும்பாலும் அதே 'சீ பாஸ்' மீன்தான் வரும் என்பது வேறு கதை.

எனக்குப் பிடிக்காதவை, காசு கொடுத்தால் நல்ல தூண்டில் தருகிறோம் என்னும் போன் விளையாட்டுகள். பொறுமையை வளர்க்க வேண்டிய விளையாட்டு, நம் பொறுமையின்மையை விலைபேசுகிறது.

ஆனால் நல்ல விளையாட்டிலும் ஒரு குறை உண்டு. ஐந்தாவது தடவை கடிக்கும் என்ற வாக்குறுதியைக் கடல் யாருக்கும் கொடுப்பதில்லை. நானா வெறுங்கையோடு வந்தால் நாங்கள் கேலி செய்வோம். ஒரு மீனவரின் தோணி வெறுமையாக வந்தால் அவர் வீட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். என் போனில் மீன் தப்பினால் எதுவும் குறைவதில்லை. அதனால் எனக்குக் காத்திருப்பு தெரியும், கடல் தெரியாது.

பரீட்சை முடிந்ததும் நானாவிடம் கேட்கப் போகிறேன்: "ஒரு நாளைக்காவது என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மீன் கிடைக்காட்டியும் பரவாயில்ல."